வட்டைவிதானையாரின் நம்பர்

அந்தப் போனை மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், நாலு ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்த்தேன். சிம் போடுகிற ஓட்டையைக் காணவில்லை. செங்கலடிச் சந்தியில் இத்தனை காலமாகப் போன் கடை நடத்துகிறவள் நான். கிணற்றில் விழுந்த போன், மாடு மிதித்த போன், புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்துச் சுவரில் எறிந்த போன் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஓட்டையே இல்லாத போன் அன்றைக்குத்தான் வந்தது.

"என்ன புள்ள, முழுசிக்கிட்டு இருக்காய்?" என்றார் வினாயகமூர்த்தி மாமா. சொல்லிவிட்டு எழும்பி வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மாமா, இதுக்கு சிம் போட இடமே இல்ல."

"சும்மா இரு. என்ட மகள் டுபாயில இருந்து அனுப்பின சாமான். இடமில்லாம எப்பிடிக் கதைக்கிற?"

"இது ஈசிம் போன். அட்டையே தேவையில்ல. கம்பனிக்காரன் ஒரு படம் அனுப்புவான். அதக் கமராவால பிடிச்சா சிம் தன்ட பாட்டில உள்ளுக்கப் போயிரும்."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "உள்ளுக்கப் போயிருமா? மறுகா அத எப்பிடி வெளிய எடுக்கிற?"

"எடுக்கேலாது மாமா."

"அட கடவுளே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இந்த மனிதர் யாரென்று சொல்லவேண்டும். கிரானுக்கு உள்ளே புளியடிமடு வட்டை என்று ஒரு வயல்வெளி இருக்கிறது. பரந்த வயல்நிலத்தை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். குளத்திலிருந்து வருகிற தண்ணீரை அந்த வட்டைக்குள் எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர் வட்டைவிதானை. விவசாயிகள் கூட்டத்தில் கை உயர்த்தித் தெரிவு செய்கிற பதவி அது. வினாயகமூர்த்தி மாமா அந்தக் கதிரையில் இருந்து எத்தனையோ போகம் போய்விட்டது. எதிர்த்து நிற்க ஒருவரும் வருவதில்லை. காரணம், தண்ணீர் விஷயத்தில் அவரை யாராலும் வளைக்க முடியாது. சொந்த மச்சான் வரம்பில் நின்று கெஞ்சினாலும் முறை வந்தால்தான் தண்ணீர்.

என்னுடைய இரண்டு ஏக்கரும் அந்த வட்டையில்தான் கிடக்கிறது. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வயல். வாவிக்குக் கிட்ட, வட்டையிலேயே தாழ்ந்த இடம். மேலே யார் தண்ணீர் பாய்ச்சினாலும் மிச்சமெல்லாம் வடிந்து என் வயலில்தான் வந்து நிற்கும். அந்தச் சிறுபோகத்துக்கு நெல் சோக்காக விளைந்து தலை குனிந்து நின்றது. என் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிற ஒழுக்கில் பாய் விரிக்க இடமில்லை. அந்த நெல்லை வெட்டித்தான் மாரி தொடங்க முன்னம் கூரை போடுவதாக இருந்தேன். எனக்கு வேறு வழி கிடையாது.

மாமாவின் மகள் கஜானி டுபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து, பேரனைப் பார்க்க வரச்சொல்லி டிக்கெட் அனுப்பியிருந்தாள். மாமி சீதேவிப்பிள்ளைக்கு விமானம் என்றாலே தலை சுற்றும். ஆகவே மாமா மட்டும் போகிறார். போகிறவருக்கு எந்த நெட்வேர்க் நல்லது, என்ன சிம் வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை.

"உங்கட பழைய நம்பரையே ஈசிமா மாத்தி இதுக்க போடலாம் மாமா. அங்க றோமிங் போட்டா அதே நம்பர் வேலை செய்யும்."

"அப்ப பழைய அட்டை?"

"அது செத்துப்போகும்."

"வேணாம்!" அவர் போட்ட சத்தத்தில் போனுக்கு ரீலோட் போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த அட்டையில கை வைக்காத. அது எனக்கு வேணும்."

ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு இந்தப் பாடா என்று எனக்கு எரிச்சல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வழியைச் சொன்னேன். பழைய சிம் பழைய போனிலேயே வீட்டில் கிடக்கட்டும். புதுப் போனுக்குப் பயணக்காரர்களுக்கென்று விற்கிற ஈசிம் ஒன்று வாங்குவோம். அங்கே இரண்டு கம்பனி இருக்கிறது, எது பலமாகப் பிடிக்கிறதோ அதில் தானே ஏறிக்கொள்ளும். டேட்டா மட்டும்தான், சாதாரணக் கோல் கிடையாது. றோமிங்கில் போனால் எடுத்தாலும் அறவிடுவான், வந்தாலும் அறவிடுவான், கொள்ளைக்காரன்.

"இஞ்ச வைபையில இப்பவே ஏத்தித் தாறன். அங்க இறங்கினாப் பிறகு இந்தப் பட்டன மட்டும் தட்டுங்க. என்ன செய்தாலும் ஈசிம அழிச்சிராதீங்க, திருப்பி ஏத்தேலாது."

மாமா தலையை ஆட்டினார். திரும்பவும் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, மேசைக்குக் கிட்டக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, அங்க இருந்து என்ட நம்பரில ஒரு மிஸ்கோல் போகுமா?"

"மிஸ்கோலா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டுபாய்க்குப் போறது மிஸ்கோல் அடிக்கவா? வட்ஸ்அப்பில வடிவாக் கதைக்கலாமே மாமா."

"கதைக்கிறது கிடக்கட்டும். வட்ஸ்அப்பில அடிச்சா என்ட நம்பர்தான் அங்கால விழுமா?"

"ஓம். சிம் வீட்டில கிடந்தாலும் வட்ஸ்அப்பில உங்கட பழைய நம்பர்தான்."

"சத்தியமா?"

"என்ட கடை மேல சத்தியம் மாமா."

மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டார். மிஸ்கோல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஆளிடம் வட்ஸ்அப் இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திராது. கேட்கத் தோன்றவில்லை, என்ன செய்ய? பழைய போனுக்கு வட்ஸ்அப் அனுப்பிய சரிபார்ப்பு இலக்கத்தை எடுத்துப் புதுப் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து கொடுத்தேன். மாமா பழைய போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டு போனார்.

அவர் புறப்பட்ட அன்று வட்டைக்குக் கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நெல் முற்றுவதற்கு முன்னம் ஒருமுறை விட்டு, பிறகு வாய்க்கால் கதவைப் பூட்டி, வயலைக் காயவிட்டு வெட்டுவது வழக்கம். கதவை எப்போது பூட்டுவது என்பது அவருடைய தீர்மானம். அவர் போன பின் யார் பூட்டுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. மாமா கதவடிக்குப் போவதை யாரும் கண்டதில்லை, ஆனால் நேரத்துக்குக் கதவு திறக்கும், நேரத்துக்குப் பூட்டும்.

டுபாய் போய்ச் சேர்ந்து ஓரிரு நாளில் வட்ஸ்அப்பில் மாமாவின் குரல் வந்தது. "புள்ள, இந்தப் போனில கோல் போகுதில்ல. மிஸ்கோலும் போகுதில்ல. என்ன சாமான் ஏத்தித் தந்தனீ?"

 அந்த நாட்டில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அனுப்பலாம், ஆனால் கோல் எடுக்க விடமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கடை மேல் சத்தியம் வேறு செய்திருந்தேன்! மன்னிப்புக் கேட்டு விளக்கமாக ஒரு குரல் அனுப்பினேன்.

"சரி சரி, பரவாயில்ல," என்று பதில் வந்தது. "மகள்ர போனால ரெண்டு தரம் அடிச்சித்தன். போதும். புள்ள, இஞ்ச வெத்தில துப்பினாத் தண்டமாம். நான் வெறும் வாயோட சும்மா இருக்கன்." மாமிக்குத்தான் அடித்திருக்கிறார் என்று நினைத்து என் வேலையைப் பார்த்தேன். கடை வேலையில் வயல் பக்கமும் போகவில்லை.

அடுத்த கிழமை முடிகிற நேரம் வெட்டு மெசின்காரர் ஸாஹிர் போன் எடுத்தார். ஏறாவூர் ஆள். என் வயலை வெட்டுவதற்கு அன்றைக்கு வரச்சொல்லியிருந்தேன்.

"தங்கச்சி, என்ன இது? ஒங்கட வயலுக்க வலை வீசலாம் போல கிடக்கு. மெசின எங்க இறக்க?"

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். வரம்பில் ஏறிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர். தலை குனிந்து நின்ற நெல் சாய்ந்து, கதிர் தண்ணீருக்குள் கிடந்தது. குனிந்து ஒரு கதிரை எடுத்தேன். அடி மணிகளில் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். கத்தியது எனக்கே கேட்டது. என் கூரை, என் கூரை என்றுதான் வாயில் வந்தது.

வாய்க்கால் கதவடிக்கு ஓடினேன். அங்கே ஆட்கள் கூடி நின்றார்கள். கதவுச் சக்கரத்தின்மேல் கையைப் போட்டபடி நாகமுத்து அண்ணன் வாய்க்கால் கட்டின்மேல் குந்தியிருந்தார். அந்தக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. பெண்சாதி செத்த பிறகு கதவடியில் ஒரு சின்ன வாடி கட்டி அதிலேயே படுக்கிறவர். சக்கரத்துப் பூட்டின் சாவி அவருடைய அரைஞாணில் தொங்கும். அரசாங்கக் கதவு. உடைத்தால் பொலிஸ் வரும்.

"பூட்டுங்க அண்ணன்! என்ட நெல் முளைக்கிது!"

"ஏலாது புள்ள."

"ஏன் ஏலாது?"

"விதானையார் சொல்லேல்ல."

"அவர் டுபாயில இருக்கார்!"

"எங்க இருந்தாலும் சொல்லுவார்."

பக்கத்தில் நின்ற தங்கராசாவுக்கு மேட்டு வயல், பிந்தி விதைத்தது. "அவன் சொல்றது சரிதானே, இன்னும் ஒள்ளுப்ப நேரம் ஓடட்டும்," என்று இளித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த நெற்கதிரை அவர் முகத்தில் எறிந்தேன். "உங்கட வயல் குளிர என்ட வயல் சாகணுமா?"

"பாத்தியா?" என்றார் நாகமுத்து அண்ணன், அமைதியாக. "நீ பூட்டு எண்டாய், அவர் ஓடட்டும் எண்டார். ஆர்ர வாய நான் கேக்கிற? நான் ஒருத்தர்ர வாயையும் கேக்கமாட்டன்."

அந்த இடத்தில் சிக்னல் மகா மோசம். கட்டின்மேல் ஏறிக் கையை உயர்த்தினால் ஒரு கோடு வரும், போகும். கோல் வந்தால் மணி அடிக்கும், எடுத்தால் இரைச்சல் மட்டும்தான். கையை உயர்த்திக்கொண்டே மாமாவுக்குக் குரல் அனுப்பினேன். திட்டியும் அனுப்பினேன், அழுதும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகப் போட்டேன்.

"நாகமுத்து, நான்தான் கதைக்கிறன். கதவப் பூட்டு!"

நாகமுத்து அண்ணனின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு இறுகிப்போனது.

"அவர்ர குரல்தான்," என்றார்.

"அப்ப பூட்டுங்க!"

"பூட்டமாட்டன். செத்த ஆக்கள்ர குரலையே இப்ப கம்பியூட்டர்ல செய்றாங்க. என்ட மருமகன் போனில காட்டினவன். நீ போன் கடைக்காரி, உனக்குச் செய்யத் தெரியாதா?"

 என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. எப்படிச் சொன்னால்தான் நம்புவீர்கள் என்று கேட்டேன். அவர் தங்கராசாவைப் பார்த்தார், மற்ற ஆட்களைப் பார்த்தார், வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

கிரான் சந்திக்கு வந்து, கோடு நிறைந்த இடத்தில் நின்று, நடந்ததை மாமாவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசுவதும் அழிப்பதுமாக இருந்தார். கடைசியில் ஒரு குரல் வந்தது. "தனிய நிண்டு கேள்," என்று தொடங்கியது.

முன்னொரு போகத்தில் தங்கராசா போய், விதானையார் திறக்கச் சொன்னார் என்று நாகமுத்துவிடம் பொய் சொன்னாராம். நாகமுத்துவும் நம்பித் திறந்துவிட்டார். அப்போதுதான் விதைத்த வயல்களில் விதைநெல் எல்லாம் அடித்துக்கொண்டு போனது. சனம் நாகமுத்துவை அடிக்கக் கூடிவிட்டது. மாமா நடுவில் புகுந்து, நான்தான் திறக்கச் சொன்னேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இருவரும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இனி யாருடைய வாய்ச்சொல்லும் இல்லை. மாமாவின் நம்பரிலிருந்து ஒரு மிஸ்கோல் வந்தால் கதவைத் திற. இரண்டு வந்தால் பூட்டு. செய்து முடித்ததும் நாகமுத்து திருப்பி ஒரு மிஸ்கோல் கொடுப்பார். இது அவர்கள் இருவரையும் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

"கஜானிர போனால அடிச்சன். அது வெளிநாட்டு நம்பர் எண்டு விட்டித்தான் போல. புள்ள, என்ட பழைய போன் அலுமாரிக்க கிடக்கு. மாமிட்டக் கேட்டு எடு. ரெண்டு தரம் அடி. ஆருக்கும் சொல்லாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வட்டை முழுக்க, அத்தனை குடும்பத்தின் சோறு, இத்தனை வருடமாக இரண்டு மிஸ்கோலில் நடந்திருக்கிறது. அதற்குத்தான் இந்த மனிதர் அட்டையைச் சாகவிடமாட்டேன் என்று கத்தியிருக்கிறார். நான் சிரித்தேனே!

மாமி விஷயத்தைக் கேட்டதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"நாகமுத்துவுக்கா? ஒரு தரம் அடிச்சித்து வைப்பார், மறுகா அங்கால இருந்து ஒரு தரம் வரும். இந்த மனிசனுக்கு ஆரோ ஒருத்தி இருக்காள் எண்டு நான் எத்தின வருசம் அழுதிருப்பன் தெரியுமா? போனிலயும் முத்து எண்டுதான் கிடக்கும். நான் கிரான்ல இருக்கிற முத்து எல்லாரையும் சந்தேகப்பட்டித்தன்!"

"மாமி, அத மறுகா அழுவம். அலுமாரிச் சாவி எங்க?"

பழைய போனைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் முத்து என்ற பெயரை அழுத்தினேன். ஒரு மணி போனது, வெட்டினேன். உடனே திரும்ப அழுத்தினேன், வெட்டினேன்.  மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. மாமியும் நானும் கட்டிப் பிடித்து அழுதோம்.

ஸாஹிர் நல்ல மனிதர். சங்கிலிச் சில்லுப் பூட்டிய மெசினைக் கொண்டுவந்து, தண்ணீர் வடிய வடிய மேட்டுப் பக்கமாக வெட்டித் தந்தார். முளைத்தது போக, அழுகியது போக, பாதிக்கு மேல் வந்தது. வீட்டுக்குக் கூரை போடலாம், குசினிக்கு அடுத்த போகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வாய் அடங்கவில்லை. நாகமுத்து அண்ணனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கதவடிக்குப் போனேன்.

தூரத்திலேயே கண்டேன். வாடிக்கு முன்னால் ஒரு கம்பு நட்டு, அதில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எங்கள் ஊரில் சாவீட்டு வழியில்தான் வெள்ளைக்கொடி கட்டுவார்கள். 

நாகமுத்து அண்ணன் கொடிக்குக் கீழே இருந்தார். சவரம் செய்யவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"ஆர் அண்ணன் செத்தது?"

"அத நீதான் சொல்லணும். எப்ப எடுக்கிறாங்க? சவத்த ஊருக்குக் கொண்டருவாங்களா, அங்கயே தாட்டித்தாங்களா?"

"ஆர்ர சவத்த?"

"விதானையார்ர." அவர் குரல் உடைந்தது. "அண்டைக்கு அடிச்சது நீதானே? ரெண்டையும் மடமடவெண்டு அடிச்சாய். அவர் அப்பிடி அடிக்கமாட்டார். ஒண்ட அடிச்சித்து வெத்திலயத் துப்பித்துத்தான் மற்றத அடிப்பார். எனக்கு மணியிலயே விளங்கும்."

"அவர் இல்ல எண்டு தெரிஞ்சா ஏன் பூட்டினீங்க?"

"நம்பர் அவர்ர. உசிரோட இருந்தா அந்த நம்பர அவர் இன்னொரு கைக்குக் குடுக்கமாட்டார். சாகக்குள்ளதான் குடுத்திருப்பார். செத்த மனிசன்ட கடைசிச் சொல்லு. பூட்டாம இருப்பனா?"

 சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் முன்னால் மண்ணில் இருந்துவிட்டேன். மாமா உயிரோடு இருக்கிறார், பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று சத்தியம் செய்தேன். படம் காட்டினேன். குரலைப் போட்டேன். கஜானி எடுத்து அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேளாண்மை வெட்டி முடியுமட்டும் எனக்கு மறைக்கிறீங்க. எனக்கு விளங்குது. நீ நல்லாயிரு, புள்ள."

வெள்ளைக்கொடிக் கதை வட்டையெல்லாம் பரவி, மாமியின் காதுக்கும் போனது. மாமி சன்னதம் வந்தவர் மாதிரி கதவடிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"டேய் நாகமுத்து! என்ட புருசன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கக்குள்ள நீ ஆருக்குடா கொடி கட்டுறாய்? இஞ்ச பார், என்ட தாலியப் பார்! பொட்டப் பார்!"

நாகமுத்து அண்ணன் எழும்பி நின்று கும்பிட்டார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று வடிந்தது.

"அக்கா, உங்களுக்கும் சொல்லேல்லையா?" என்றார். "பாவிகள்."

மாமியின் சத்தம் அப்படியே நின்றது.  என்னைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள, உண்மையச் சொல்லு," என்றார். ஐயோ என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிரான் சந்திக்கு வந்து கஜானிக்கு வெளிநாட்டுக் கோல் எடுத்து, மாமா மூச்சு வாங்கிப் பேசி, அவர்கள் இருவரும் கலியாணத்தன்று சண்டை பிடித்த ஒரு விஷயத்தைச் சொன்ன பின்தான் மாமிக்கு உயிர் வந்தது. என்ன விஷயம் என்று எனக்குச் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார்.

"எனக்குக் கொடி கட்டித்தானா?" என்று மாமா கேட்ட குரல் என் போனில் இன்னும் கிடக்கிறது. பிறகு பேரனின் அழுகை மட்டும் கேட்கிறது. "நான் வாறன் புள்ள. டிக்கெட்ட மாத்தச் சொல்லித்தன்."

விமான நிலையத்திலிருந்து வான் வந்து நின்றபோது வீட்டு வாசலில் நானும் மாமியும் இன்னும் கொஞ்சப் பேரும் நின்றோம். தங்கராசாவும் வந்து வேலிக்கு அப்பால் நின்றார். மாமா இறங்கினார். மெலிந்திருந்தார். மாமி செம்பில் தண்ணீரை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"போனக் கொண்டா," என்றார். "வெத்திலப் பெட்டியையும் கொண்டா."

முற்றத்தில் நின்றபடி வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். சிவக்கும்வரை மென்றார்.  பழைய போனில் முத்துவை அழுத்திக் காதில் வைத்தார். ஒரு மணி. வெட்டினார். வேலியோரம் போனார், துப்பினார், வாயைத் துடைத்தார். திரும்ப அழுத்தினார். ஒரு மணி. வெட்டினார்.

கதவு ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. பூட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. எல்லாரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன் அடித்தது. ஒரு தரம் அடித்து நின்றது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உடனே திரும்பவும் அடித்தது. இந்த முறை நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. மாமா திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் நாகமுத்து அண்ணன் அவருக்குக் கோல் எடுத்ததே இல்லை. பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். வாடியிலிருந்து வருகிற இரைச்சல் எனக்குக்கூடக் கேட்டது, காற்றும் கரகரப்பும்.

"என்ன சொல்றார் மாமா?"

"ஒண்டும் விளங்கல்ல புள்ள," என்றார். "அழுறான் போல கிடக்கு."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஓம் நாகமுத்து, ஓம்," என்று சொல்லிக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.